அந்த 12 சொற்களை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம். பிட்காயின் வாங்கலாமா கூடாதா, விலை ஏறுமா இறங்குமா என்றெல்லாம் இன்று நான் பேசப் போவதில்லை. ஏற்கெனவே வாங்கித் தன் சொந்த வாலட்டில், அதாவது பிட்காயினைக் கையாளும் செயலியிலோ கருவியிலோ, வைத்திருப்பவர்களுக்கும், இனி அப்படி வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும்தான் இந்தப் பேச்சு. அந்த வாலட்டின் பிரைவேட் கீ, அதாவது ரகசியச் சாவி, தொலைந்துவிட்டால் என்ன ஆகும்? தொலையாமல் இருக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?

பெரும்பாலும் நடப்பது இதுதான். புதிதாக ஒரு வாலட் செயலியைத் திறக்கிறோம். திரையில் 12 ஆங்கிலச் சொற்கள் வரிசையாக வருகின்றன, சிலவற்றில் 24. தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று கீழே போட்டிருக்கிறது. பேனா பக்கத்தில் இல்லை. அடுத்த திரைக்குப் போனால் மூன்றாவது சொல் எது, ஒன்பதாவது சொல் எது என்று கேட்கிறது. சரி, இப்போதைக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வோம், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று படம் எடுத்து, அதைப் பார்த்து விடையைத் தட்டி, ‘சொற்களைப் பத்திரமாக வைத்துவிட்டேன், தொலைந்தால் நானே பொறுப்பு’ என்ற கட்டத்தில் டிக் போட்டு உள்ளே போய்விடுகிறோம். அந்த ‘அப்புறம்’ பலருக்கு வருவதே இல்லை.

அந்த டிக் எவ்வளவு பெரிய பொறுப்பை நம் தலையில் வைக்கிறது என்பது, அந்தச் சொற்கள் என்னவென்று தெரிந்தால்தான் புரியும். உங்கள் பிட்காயின் உங்கள் போனுக்குள் இல்லை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி இருக்கும் ஒரு பொதுக் கணக்கேட்டில், இன்ன முகவரியில் இவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கிறது. அதை வேறு முகவரிக்கு மாற்ற ஒரு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடுவது 256 பிட் நீளமுள்ள ஒரு ரகசிய எண். பத்தின் கணக்கில் எழுதினால் 78 இலக்கம் வரை போகும். இத்தனை இலக்கத்தைப் பிழையில்லாமல் எழுத மனிதரால் முடியாது என்பதால், 2013இல் ஒரு பொது முறை வகுத்தார்கள். 2048 எளிய சொற்கள் கொண்ட ஒரு பட்டியல், அதிலிருந்து 12 அல்லது 24 சொற்கள், குறிப்பிட்ட வரிசையில். உங்கள் சாவிகள் அத்தனையும் அந்தச் சொற்களிலிருந்துதான் பிறக்கின்றன.

ஆகவே இதைப் பாஸ்வேர்டு மாதிரி நினைக்கவே கூடாது. பாஸ்வேர்டு மறந்தால் அதை மாற்றிக் கொடுக்க அந்தப் பக்கம் ஒரு நிறுவனம் இருக்கிறது. இங்கே அந்தப் பக்கம் யாரும் இல்லை. கையெழுத்து சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் அந்தக் கணக்கேடு பார்க்கும், உங்கள் பெயர் கேட்காது, அடையாள அட்டை கேட்காது. போன் உடைந்தாலும், செயலியை அழித்துவிட்டாலும், சொற்கள் இருந்தால் வேறொரு கருவியில் எல்லாம் திரும்ப வந்துவிடும். போன் பத்திரமாக உங்கள் பையிலேயே இருக்க, அந்தச் சொற்களை யாரோ ஒருவர் ஒருமுறை பார்த்துவிட்டால், அவர் எங்கிருந்தும் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளலாம். போன பிறகு தலைகீழாக நின்றாலும் திரும்பாது.

இதில் எதிரெதிரான இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று தொலைவது, இன்னொன்று களவு போவது. எல்லோரும் ஹேக்கரைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் வேல்ஸில் நியூபோர்ட் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹவல்ஸிடம் யாரும் திருடவில்லை. ஏறத்தாழ 8000 பிட்காயினின் சாவி இருந்த ஹார்டு டிஸ்க் 2013இல் குப்பையோடு குப்பையாகப் போய்விட்டது. குப்பை மேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார், கடைசியில் 2025 ஜனவரியில் நீதிமன்றமும் அவர் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. ஸ்டீஃபன் தாமஸ் என்ற நிரலாளரின் 7002 பிட்காயினுக்கான சாவிகள், பூட்டு போட்ட ஒரு யூஎஸ்பி டிரைவுக்குள் இருந்தன. பாஸ்வேர்டு எழுதிய தாளைத் தொலைத்துவிட்டார். அந்த டிரைவ் 10 தடவைதான் முயல விடும், அதற்கு மேல் தவறினால் உள்ளே இருப்பது நிரந்தரமாகப் போய்விடும். 2021இல் இந்தச் செய்தி வெளிவந்தபோது 8 முயற்சிகள் முடிந்திருந்தன. மீதி இரண்டு.

களவு பக்கம் வருவோம். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஸ்பார்க்கேட் என்ற தீநிரலைப் பற்றி அறிவித்தார்கள். ஆண்ட்ராய்டு, ஆப்பிள் இரண்டின் அதிகாரபூர்வ செயலிக் கடைகளிலும் இருந்த சில செயலிகளுக்குள் அது ஒளிந்திருந்தது. உங்கள் போட்டோ கேலரிக்கு அனுமதி வாங்கி, படங்களில் இருக்கும் எழுத்துகளைப் படித்து, வாலட் சொற்கள் போலத் தெரியும் படத்தை மட்டும் பொறுக்கி அனுப்பிவிடும். நான் முதலில் சொன்ன ஸ்கிரீன்ஷாட் நினைவிருக்கிறதா? அதைத்தான் அது தேடியது. உங்களில் யாருடைய போனிலாவது அப்படி ஒரு படம் இருந்தால், அதை அழிப்பது மட்டும் போதாது, அது தானாகவே கிளவுடுக்கும் போயிருக்கலாம். புதிய சொற்களோடு ஒரு புதிய வாலட் உருவாக்கி, இருப்பதை அதற்கு மாற்றிவிடுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கிளவுடில் பூட்டு போட்டு வைத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். பிட்காயின் வாங்கி விற்கும் சந்தையான பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 2016இல் 1,19,754 பிட்காயின் திருடு போனது. திருடியவரின் கிளவுட் கணக்கில், பூட்டிய ஒரு கோப்பில், சாவிகள் எல்லாம் இருந்தன. அமெரிக்க விசாரணை அதிகாரிகள் அதைத் திறந்து 94,000க்கும் மேல் மீட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நுணுக்கம் தெரிந்த ஒருவர் பூட்டியதையே ஒரு நாள் திறக்க முடிந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். தொலையாமல் இருக்க வேண்டுமானால் பிரதிகள் கூட வேண்டும். திருடு போகாமல் இருக்க வேண்டுமானால் பிரதிகள் குறைய வேண்டும். இரண்டையும் ஒரேயடியாகத் தீர்க்கிற வழி கிடையாது, எது உங்களுக்குப் பெரிய ஆபத்து என்று நீங்களே உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்க வேண்டும். சாதாரண மனிதர்களுக்குத் தொலைப்பதுதான் பெரிய ஆபத்து என்பது என் கருத்து. கையால் எழுதிய இரண்டு பிரதிகள், தனித்தனி இடங்களில், கேமராவோ கம்ப்யூட்டரோ பார்க்காதவை. தொகை பெரிதானால் தாளுக்குப் பதில் எஃகுத் தகடு, தீயும் தண்ணீரும் அதை எளிதில் ஒன்றும் செய்யாது. எழுதும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் எண் போடுங்கள், ஏனென்றால் வரிசை மாறினால் அது வேறு சாவி. அந்தப் பட்டியலில் எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக வராது. அதனால் முதல் நான்கு எழுத்துகளையாவது பெரிதாக, தெளிவாக எழுதுங்கள்.

அதிபுத்திசாலித்தனம் வேண்டாம். இதில்தான் எனக்கு ரொம்பக் கவலை. 12 சொற்களை ஆறு ஆறாகப் பிரித்து இரண்டு இடத்தில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பாதி தொலைந்தாலும் மொத்தமும் போச்சு, எந்தப் பாதி பிறர் கையில் சிக்கினாலும் மீதி ஆறைக் கணினி வைத்துத் தேடுவது 12ஐத் தேடுவதைவிட எவ்வளவோ எளிது. இரண்டு பக்கமும் நஷ்டம். சொற்களைத் தானே தேர்ந்தெடுப்பது அதைவிட மோசம், மனிதர் யோசித்து எடுக்கும் எதையும் கணினி சீக்கிரம் ஊகித்துவிடும். 25ஆவது சொல் என்று கூடுதலாக ஒரு ரகசியச் சொல் சேர்க்கும் வசதியும் இருக்கிறது, நல்ல வசதி. ஆனால் அதில் ஓர் எழுத்து மாறினாலும் ‘தவறு’ என்று செய்தி வராது, காலியான வேறொரு வாலட் திறக்கும், பணம் எல்லாம் போய்விட்டதோ என்று நெஞ்சு பதறும். உண்மையிலேயே பெரிய தொகை வைத்திருப்பவர்கள் மூன்று சாவிகளில் எந்த இரண்டும் போதும் என்ற மல்டிசிக் முறைக்குப் போகலாம். அதிலும் மூன்று சாவிகளின் பொது விவரங்களையும், அதாவது அவற்றின் ரகசியமில்லாத பகுதியையும், ஒவ்வொரு பிரதியோடும் சேர்த்து வைக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு சாவி கையில் இருந்தும் வாலட்டை மறுபடி கட்டியெழுப்ப முடியாமல் போகலாம்.

எந்த முறையானாலும், ஒருமுறை ஒத்திகை பாருங்கள். சிறு தொகை ஒன்றைப் போட்டு, வாலட்டை முழுதாக அழித்து, நீங்கள் எழுதிய தாளை மட்டும் வைத்து மீட்டெடுங்கள். உங்கள் கையெழுத்து உங்களுக்கே புரிகிறதா என்பது அப்போது தெரியும். வாலட் செய்யும் நிறுவனங்கள் ஒரு டிக்கோடு கைகழுவிக்கொள்ளாமல் இந்த ஒத்திகையைச் செயலியிலேயே கட்டாயமாக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பொறுப்பு பயனருடையது என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது, அந்தப் பொறுப்பை நிறைவேற்றச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும்.

ஹார்டுவேர் வாலட், அதாவது சாவியை வைப்பதற்கென்றே உள்ள தனிக் கருவி, வாங்குங்கள் என்பார்கள், வாங்கலாம். சாவி அந்தக் கருவியை விட்டு வெளியே வராது. ஆனால் 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தர் என்ற இன்னொரு கிரிப்டோ நாணயம் போனபோது யாரும் சாவியைத் திருடவில்லை. கணினித் திரை காட்டியது ஒன்று, எக்ஸ்சேஞ்ச்காரர்கள் கையெழுத்துப் போட்டது வேறொன்றுக்கு. ஆகவே சாவியை ஒளித்து வைத்தால் மட்டும் ஆகாது, எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்பதைக் கருவியின் சின்னத் திரையில் படித்துப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். 2020இல் ஹார்டுவேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயர், முகவரிகள் கசிந்தன, அடுத்த ஆண்டு சிலருக்குத் தபாலில் போலிக் கருவியே வந்தது, உடனே இதற்கு மாற்றி உங்கள் 24 சொற்களை உள்ளிடுங்கள் என்ற கடிதத்தோடு. பதறாத காரியம் சிதறாது. யார் கேட்டாலும், எந்த லோகோவோடு கேட்டாலும், சொற்களைக் கொடுக்காதீர்கள். தொலைத்தவர்களிடம் ‘மீட்டுத் தருகிறோம், முன்பணம் கொடுங்கள்’ என்று வருகிறவர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும்.

இவ்வளவும் என்னால் முடியாது என்று தோன்றினால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைக்கலாம். ஆனால் அப்போது சாவி அவர்களிடம் இருக்கிறது. 2014இல் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது சுமார் 8,50,000 பிட்காயினைக் காணவில்லை என்றார்கள், 2022இல் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சும் விழுந்தது. எந்த ஆபத்தை ஏற்கிறோம் என்று தெரிந்து ஏற்றுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, நமக்குப் பிறகு. உயிலில் சொற்களை எழுதாதீர்கள், உயில் பலர் கைக்குப் போகும். தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த வாலட், எத்தனை சொற்கள், பிரதி எங்கே இருக்கிறது, கூடுதல் ரகசியச் சொல் உண்டா, இவ்வளவு இருந்தால் போதும், சொற்கள் அதில் வேண்டாம். கடிதம் யாருக்கோ அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, சிறு தொகை உள்ள வேறொரு வாலட்டை அதே மாதிரி ஒரு குறிப்பைப் படித்து அவர் கையாலேயே மீட்கச் சொல்லுங்கள், நீங்கள் வாய் திறக்காதீர்கள். அவர் எங்கெல்லாம் நின்று யோசிக்கிறாரோ, அங்கெல்லாம் கடிதத்தில் இன்னொரு வரி சேர்க்க வேண்டியிருக்கும். நன்றி, வணக்கம்.