பிஸ்கட் டின்னில் மிஞ்சிய மாத்திரை

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம். போதை பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பலர் பின்வரிசைத் தம்பிகளைத் திரும்பிப் பார்க்கிறீர்கள். அவர்களைச் சற்று விடுங்கள். நான் பேச வந்தது டாக்டர் கொடுக்கும் மாத்திரை பற்றி.

செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு நாள் முழுக்க அண்ணாந்தே வேலை. இடுப்பும் கழுத்தும் என்ன ஆகும்? கிளினிக்கில் டிராமடால் கொடுக்கிறார்கள், வலி அடங்குகிறது. வேலையை நிறுத்த முடியாது, அதனால் வலி திரும்ப வருகிறது. ஒரு மாத்திரை இரண்டாகிறது. நம் நாட்டில் தனியார் கிளினிக்கிலேயே மருந்தும் தருவார்கள். இந்தக் கிளினிக்கில் வாங்கியது பெரும்பாலும் அடுத்த கிளினிக்குக்குத் தெரியாது. அவரைப் போதைக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தீராத வலி, கூடிக்கொண்டே போகும் அளவு, பல டாக்டர்கள் என்று ஆபத்துக் காரணங்கள் அவரிடம் வரிசையாகச் சேர்ந்துவிட்டன. மாலையில் சம்சு என்ற மலிவுச் சாராயமும் உண்டென்றால் இன்னும் மோசம். டிராமடால், சில இருமல் மருந்துகளில் இருக்கும் கோடீன் எல்லாம் மூச்சை மந்தமாக்கும். மதுவோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

தூக்க மாத்திரை என்றதும் அம்மாக்கள் நினைவு வருகிறது. டயாசிபாம் போன்றவை சில வாரங்களுக்குத்தான். கணவர் போன துக்கத்தில் தொடங்கியது மாதக்கணக்கில் நீள்கிறது. மனச்சோர்வும் பதற்றமும் இருப்பவர்கள் இதில் எளிதில் மாட்டிக்கொள்வார்கள். பயந்துபோய் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரலாம். டாக்டர் மூலம் மெல்லக் குறைக்க வேண்டும்.

சரி, இப்போது தம்பிகள். கெத்தும் என்ற போதை தரும் இலையைக் காய்ச்சிய தண்ணீரில் கோடீன் இருமல் மருந்தைக் கலக்கிறார்கள். கெத்தும் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்துக்குள் வருவது இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. சிறு வயதில் தொடங்குவதும் குடும்பத்தில் குடி இருப்பதும் ஆபத்தைக் கூட்டும். அதற்காக, குடிக்கிற அப்பாவின் பிள்ளையும் அப்படித்தான் என்று முத்திரை குத்துவது அநியாயம். கைக்கு எட்டும் இடத்தில் மருந்து இருப்பதும் ஒரு காரணம்தான். அதை மாற்றுவது நம் கையில் இருக்கிறது. "எனக்குக் கேட்டது, நீயும் போட்டுப் பார்" என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். பிஸ்கட் டின்னில் மிஞ்சிக் கிடப்பதை அரசாங்கக் கிளினிக்கின் மருந்து கவுண்டரில் ஒப்படையுங்கள். புது டாக்டரைப் பார்க்கும்போது, ஏற்கெனவே போடும் மாத்திரைகளையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால், தேநீர் நேரத்தில் தனியாக வாருங்கள்.