அஸ்கோவிலிருந்து கயத்தாறுக்கு

(பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. ஆசிரியர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

காற்றாலைத் தொழிற்பயிற்சிக்காக வெளிநாட்டுக் கல்லூரிகளோடு கைகோப்பது பற்றிப் பேசச் சொன்னீர்கள். அதற்கு முன் டென்மார்க்கிலுள்ள அஸ்கோவ் என்ற கிராமத்துக்குப் போய் வந்துவிடுவோம். அங்கே ஒரு மக்கள் கல்லூரி இருந்தது. பெரும்பாலும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் மாணவர்கள். தேர்வு, பட்டம் எதுவும் கிடையாது. பௌல் லா கூர் என்பவர் அங்கே இயற்பியல் ஆசிரியர். 1891-இல் அங்கேயே காற்றாலை நிறுத்தி மின்சாரம் எடுத்தார். அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜனைச் சேர்த்துவைத்து விளக்கெரித்தார். சிலமுறை அது வெடித்து ஜன்னல் கண்ணாடிகள் போயின. இன்றைக்கு நம் கல்லூரி முதல்வர்கள் இதைப் பொறுத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்!

அந்தக் காற்றாலையைவிட, 1904-இல் அவர் கிராமத்து மின்பணியாளர்களுக்கு நடத்திய வகுப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அதில் படித்த இளைஞர்களில் ஒருவர் யோஹன்னஸ் யூல். பிற்காலத்தில், 1957-இல், கெட்ஸர் என்ற ஊரில் 200 கிலோவாட் காற்றாலையை அமைத்தவர் இவர்தான். மூன்று இறக்கை, வேகம் எல்லை மீறினால் இறக்கை நுனியே திரும்பி பிரேக் போட்டுவிடும். முப்பந்தல் பக்கம் நிற்கும் பழைய டென்மார்க் வகை மெஷின்களெல்லாம் அதன் வழிவந்தவைதான்.

அவை இங்கே வந்ததற்கும் ஒரு கூட்டுறவுதான் காரணம். 1980-களின் பிற்பகுதியில் டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான டானிடாவின் துணையோடு தமிழ்நாட்டிலும் குஜராத்திலும் முன்னோடிக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. 1998-இல் சென்னையில் காற்றாற்றலுக்கென ஒரு மத்திய நிறுவனமும் கயத்தாறில் அதன் சோதனை நிலையமும் வந்தன. டென்மார்க்கின் ரிசோ ஆய்வகம் தொழில்நுட்பத் துணை நின்றது. பள்ளிக்கரணையில் உள்ள அந்த நிறுவனத்துக்கு இப்போது ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளிலிருந்து பயிற்சிக்கு வருகிறார்கள். கற்றுக்கொண்டவர் அடுத்தவருக்குக் கற்பிக்கிறார். எந்த ஒப்பந்தத்தையும் நான் இதை வைத்துத்தான் எடைபோடுவேன்.

இப்போது நடப்பது என்ன? தூதுக்குழு வரும், பொன்னாடை போடுவோம், ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும். பிறகு நம் பேராசிரியர்கள் இரண்டு பேர் அங்கே ஒரு வாரம் போய் வருவார்கள். 80 மீட்டர் ஏறி போல்ட் முறுக்கப் போகிற ஐ.டி.ஐ. பையன் இதில் எங்கேயும் இல்லை.

அவனுக்கு வேண்டியதைக் கேளுங்கள். பெரிய கம்பெனிகளில் கோபுரம் ஏற டிப்ளமோ மட்டும் போதாது, ஜி.டபிள்யூ.ஓ. (குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன் என்ற காற்றாலை நிறுவனங்களின் சர்வதேச அமைப்பு) பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். உயரத்தில் வேலை செய்வது, தீயணைப்பு, முதலுதவி, சுமை தூக்கும் முறை எல்லாம் அதில் அடக்கம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அந்தப் பயிற்சியை நம் வளாகத்திலேயே தருமளவுக்கு நம் பயிற்றுநர்களைத் தயார்செய்து கொடுப்பீர்களா என்றுதான் வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது காலம். யாரும் இதைக் கவனிப்பதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசன். சம்பாதிக்கிற நேரத்தில் பயிற்சிக்காக மெஷினை நிறுத்த எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார். கியர்பாக்ஸ் எண்ணெய், இறக்கைப் பழுது, போல்ட் இறுக்கம் எல்லாம் சீசனுக்கு முன்பே பார்த்துவிடுவார்கள். ஐரோப்பியக் கல்லூரிகளுக்கோ ஜூலையில் விடுமுறை. அப்போது வருகிற மாணவர்கள் சுழலும் காற்றாடியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வரச் சொல்லுங்கள். ஹார்னெஸ் என்ற பாதுகாப்பு வாரை மாட்டி, நம் பிள்ளைகளோடு சேர்ந்து மேலே ஏறட்டும். அதற்கேற்ப நம் பாட அட்டவணையையும் வளைக்க வேண்டியிருக்கும். பல்கலைக்கழகமும் வாரியமும் முணுமுணுக்கும்தான்.

கடைசியாக ஒன்று. 225, 250 கிலோவாட் பழைய மெஷின்களைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுத்தும் வேலை நடக்கிறது. கழற்றியதில் ஒரு முழு நாசெல்லை, அதாவது கோபுர உச்சியில் கியர்பாக்ஸும் ஜெனரேட்டரும் இருக்கும் கூட்டை, பழைய இரும்புக்கடைக்குப் போகுமுன் கேட்டு வாங்கி, உங்கள் பட்டறையில் தரையில் வையுங்கள். முதலாமாண்டு மாணவன் அச்சமில்லாமல் கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்டிப் பழகுவான். கூட்டுறவுக்கு வருகிற வெளிநாட்டு ஆசிரியரும் வந்த அன்றே கையில் கிரீஸ் படப் பாடம் தொடங்கலாம்.

கேள்விகளுக்கு வருவோம். ஐ.டி.ஐ. பயிற்றுநர்கள் முதலில் கேளுங்கள். முதல்வர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.