ஜன்னலுக்கு வெளியே நீட்டிய போன்

நேயர்களுக்கு வணக்கம்.

சுவிட்சர்லாந்து மலையில் பள்ளி மாணவியாக நான் கழித்த ஒரு குளிர்காலத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். நிலையத்தில் சரி என்றார்கள். படம் எதையும் காட்ட முடியாதே என்று ஒருவர் கொஞ்சம் யோசித்தார். எனக்கு அது குறையாகவே தோன்றவில்லை. அந்தக் குளிர்காலத்தில் கண்ணில் பட்டதைவிடக் காதில் விழுந்ததுதான் எனக்குள் அதிகம் தங்கியிருக்கிறது. அதைச் சொல்ல வானொலியைவிட நல்ல இடம் ஏது?

2003 ஆகஸ்டில், பதினாறு வயதில், மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினேன். அந்த மாதம் ஐரோப்பாவே வெயிலில் வெந்துகொண்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்த கிராவ்புண்டன் மாநிலத்திலேயே க்ரோனோ என்ற ஊரில் 41.5 டிகிரி அடித்தது. அம்மா கட்டிக் கொடுத்த ஸ்வெட்டர்கள் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

நான் தங்கிய ஊர் ஃப்தான். நாட்டின் கிழக்கு மூலையில், கீழ் எங்கடீன் பள்ளத்தாக்கின் வெயில் படும் சரிவில், சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியைவிட உயரம் குறைவுதான். ஊட்டிக் குளிர் என்று நாம் சொல்வது அங்கே இலையுதிர்காலத்து வெறும் பகல். என்னைத் தங்க வைத்தவர்களின் வீடு பழைய கல் வீடு. சுவரின் கனம் என் முழங்கை நீளத்தைவிட அதிகம். ஜன்னல்கள் சின்னவை, அவற்றைச் சுற்றிச் சுவரை வெளிப்பக்கமாகப் புனல் போல விரித்துச் செதுக்கியிருப்பார்கள், கிடைக்கிற வெளிச்சத்தை எல்லாம் உள்ளே வாரிக்கொள்ள. இந்த ஜன்னலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பரில் ஒரு நாள் விடியற்காலை திடீரென்று விழித்துக்கொண்டேன். எந்தச் சத்தமும் என்னை எழுப்பவில்லை. சத்தம் நின்றுபோனதுதான் எழுப்பியது. தினமும் கேட்கிற தெருமுனை நீர்த்தொட்டியின் சலசலப்பு இல்லை. கீழே பள்ளத்தாக்கில் ஓடும் இன் என்ற ஆற்றின் இரைச்சல் இல்லை. கண் தெரியாத வளைவுகளில் மஞ்சள் தபால் பஸ் மூன்று சுரத்தில் ஒலிக்கும் ஹார்ன் இல்லை. காது அடைத்துவிட்டதோ என்று விரலைச் சொடுக்கிப் பார்த்தேன். அது கேட்டது. எழுந்து ஜன்னலைத் திறந்தால், இரவோடு இரவாக ஊரே மறைந்திருந்தது.

புதுப் பனியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் காற்றுதான். அந்த நுண்ணிய இடைவெளிகளுக்குள் போன ஒலி திரும்பி வருவதில்லை. பின்னாளில் பள்ளியில் இதைப் படித்தேன். அன்று காலை ஜன்னலருகே எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இவ்வளவு பெரிய உலகம் இப்படி வாய் மூடி நிற்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் கார்டு வைத்து வீட்டுக்குப் பேசுவேன். அந்த வாரம் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, ரொம்பக் குளுருதா?" பதில் சொல்லாமல், கம்பியில்லாப் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தால், "ஏட்டி, லைன் கட்டாயிட்டா? ஒண்ணும் கேக்கலியே" என்று பதறினாள்.

"அதுதாம்மா பனி" என்றேன்.

டிசம்பர் முற்ற முற்றப் பனிக்குக் குரல் வந்தது. உறைநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும்போது பனி காலடியில் சத்தமில்லாமல் அமுங்கும். மைனஸ் பத்துக்குக் கீழே போனால் ஒவ்வோர் அடிக்கும் கிறீச்சிடும். கார்ன்ஃப்ளோர் பாக்கெட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே சத்தம். குளிரில் விறைத்த பனித்துகள்கள் இளகிக்கொடுக்காமல் உடைவதால் வருவது. வாசலில் யாராவது நடந்து போனால், அங்கத்து அம்மா அடுப்படியில் நின்றபடியே இன்று எவ்வளவு குளிர் என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டுத் தெர்மாமீட்டரைப் பார்க்கவும் மாட்டார்.

அந்த அடுப்படியில் எப்போதும் வானொலி பாடிக்கொண்டிருக்கும். ஜெர்மன் அல்ல, ருமாந்தச். லத்தீனிலிருந்து கிளைத்த மலை மொழி. அப்போது அதை அன்றாடம் பேசியவர்கள் சுமார் 60,000 பேர்தான். அதற்குள்ளும் எழுத்து வழக்குகள் ஐந்து. எங்கள் பள்ளத்தாக்கில் வழங்கியது வல்லாதேர். 1938-இல் நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடத்தி ருமாந்தச்சைத் தேசிய மொழிகளில் ஒன்றாக ஏற்றார்கள். கூர் நகரிலிருந்து அந்த மொழிக்கென்றே தனி வானொலி. இத்தனை சிறிய மொழியில் செய்தியும் வானிலையும் பாட்டும் நாள் முழுக்க வருவதைக் கேட்டு நான் அசந்துபோனேன். நான் முதலில் கற்றுக்கொண்ட சொற்கள் அந்த வானிலை அறிக்கையிலிருந்துதான். நைவ் என்றால் பனி. ஃப்ரைட் என்றால் குளிர். அப்புறம், பிரிவேல் ட லவினாஸ். பனிச்சரிவு அபாயம்.

அந்த மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். அங்கத்து அப்பாவுக்கு மோட்டா நலூன்ஸ் பனிச்சறுக்கு மலையில் பாதுகாப்பு வேலை. டாவோஸில் பனிக்கும் பனிச்சரிவுக்கும் என்றே இருக்கிற ஆராய்ச்சி நிலையம் மாலை ஐந்து மணிக்கு அறிக்கை கொடுக்கும். அபாயத்தில் ஐந்து நிலைகள். நான்கும் ஐந்தும்தான் பயங்கரம் என்று நான் நினைத்திருந்தேன். அவர் தலையசைத்து மறுத்தார். அதிகம் பேர் சாவது மூன்றில்தான்; நான்கென்றால் ஜனங்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள், மூன்றென்றால் போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்புவார்கள் என்றார்.

பெரும்பனி பெய்த மறுநாள் விடியுமுன் மலையில் வேட்டுச் சத்தம் கேட்கும். முதல் தடவை, ஏதோ கோயில் கொடை என்று அரைத்தூக்கத்தில் நினைத்து, எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சறுக்க வருகிறவர்கள் மேலே ஏறுவதற்கு முன்பாகவே, தொங்கி நிற்கும் பனியை வெடி வைத்து இறக்குகிற சத்தம் அது. வெடி வைத்தவர்களில் அங்கத்து அப்பாவும் ஒருவர்.

வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். நோனா என்று கூப்பிடுவோம். கூரையிலிருந்து பனி 'தடதட'வென்று சரிந்து விழும்போதெல்லாம் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, அது விழுந்து முடிந்த பிறகுதான் தொடருவார். 1951 ஜனவரியில் அவருக்கு எட்டு வயது. அந்தக் குளிர்காலத்தில் நாடு முழுவதும் பனிச்சரிவில் 98 பேர் செத்தார்கள். இதே பள்ளத்தாக்கில், மேலே சுவோஸ் ஊரிலும் உயிர்கள் போயின. மரப்பலகை வேய்ந்த கூடத்தில் குடும்பம் முழுவதும் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, ராத்திரி முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்ததாக ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஜனவரியில் பள்ளியில் எங்களுக்கு ஒரு பயிற்சி. பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடுவது. மூன்று சாமான்: மார்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ரேடியோ கருவி, மடக்கி நீட்டும் நீளக் கம்பி, மண்வாரி. எல்லோருடைய கருவியும் எப்போதும் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்துபோனால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் ஒரு கருவியைப் பையில் போட்டு, எங்களுக்குத் தெரியாமல் வயல்வெளியில் எங்கோ புதைத்துவிட்டார்.

"பேசக் கூடாது" என்றார் முதலில். புதைந்தவர் எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது. வெளியே இருப்பவர்கள் பேசுவது உள்ளே கேட்டது என்று பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் இருபது பிள்ளைகளும் கப்சிப்.

நான் கருவியைக் கையில் பிடித்து நடந்தேன். பீப்... ரொம்ப நேரம் கழித்து இன்னொரு பீப். இடது பக்கம் திரும்பினால் இடைவெளி குறைந்தது. பீப், பீப். முழங்காலில் விழுந்து, கருவியைப் பனியின் மேல் ஒட்டினாற்போல வைத்து முன்னும் பின்னும், அப்புறம் குறுக்காகவும் நகர்த்தினேன். சத்தம் மூச்சுவிடாமல் வந்த இடத்தில் கம்பியை இறக்கினேன். உறைந்த தரையில் பட்டால் 'நங்'கென்று கையில் அதிரும். நாலாவது தடவை அப்படி இல்லை. மெத்தையில் குத்தினது போல ஏதோ கம்பியை மெல்லத் திருப்பித் தள்ளியது. உள்ளே இருந்தது வெறும் பைதான். ஆனாலும் என் முதுகு சில்லிட்டது. கம்பியை அங்கேயே விட்டுவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கமிருந்து தோண்ட வேண்டும். மேலே நின்று தோண்டினால் உள்ளே இருப்பவர் மேல் நம் பாரம் இறங்கும். எனக்குப் பதினெட்டு நிமிடம் ஆனது. முதல் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள், அதற்கப்புறம் வாய்ப்பு மளமளவென்று குறைகிறது. ஆசிரியர் கடிகாரத்தைக் காட்டினார், "இன்னொரு தடவை" என்றார். இருட்டும் வரை புதைத்துத் தோண்டிக்கொண்டே இருந்தோம்.

நான் கேட்டதிலேயே என்னை நடுங்க வைத்த சத்தம் வேறொன்று. அங்கத்து அப்பாவோடு பனிக்காலணி மாட்டிக்கொண்டு சமவெளியாகக் கிடந்த ஒரு புல்வெளியைக் கடந்துகொண்டிருந்தோம். காலுக்கடியில் 'வூம்' என்று அடங்கின குரலில் ஒரு முழக்கம். எங்களைச் சுற்றி வெளி முழுவதுமே ஒரு விரற்கடை கீழே இறங்கியது போல இருந்தது. அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பிறகு மண்வாரியால் இடுப்பளவு பள்ளம் வெட்டி, சுவர் போல நின்ற பனியில் அடியில் இருந்த அடுக்கைக் காட்டினார். மேலே கெட்டியான புதுப்பனி. அடியில் இருந்ததை அள்ளிப் பார்த்தால் வறுத்த ரவை மாதிரி விரலிடுக்கில் உதிர்ந்து ஓடியது. எங்கள் பள்ளத்தாக்கு வறண்டது, பனி குறைவாக விழும் இடம். நவம்பரில் விழுந்த மெல்லிய பனி, தெளிந்த வானமும் கடுங்குளிருமாக வாரக்கணக்கில் கிடந்தால் இப்படிப் பிடிப்பில்லாத மணிகளாக மாறிவிடும். அதன் மேல் எத்தனை அடி விழுந்தாலும் அஸ்திவாரம் இதுதான். 'வூம்' என்றது அந்த அடுக்கு நொறுங்கிய சத்தம். சமதரை என்பதால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சரிவாக இருந்திருந்தால் அத்தனையும் எங்களோடு கிளம்பியிருக்கும். எதிரே அழகான மலைச்சரிவு வெயிலில் மினுங்கியது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்த தடத்திலேயே திரும்பி நடந்தோம். மலை சொன்னதைக் கேட்டு உடனே திரும்பிய அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு.

இடையில் ஒரு நாள் மாணவர் கூட்டத்துக்காக சூரிக் போய்விட்டுத் திரும்பினேன். லாண்ட்குவார்ட் நிலையத்தில் மலை ரயிலுக்காகக் காத்திருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "தங்கச்சி, தமிழோ?"

ஐந்து மாதமாகப் போனில் மட்டுமே கேட்ட மொழி. சட்டென்று பதில் வரவில்லை. டாவோஸில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் ஈழத்து அண்ணன் அவர். "எவடம்?" என்று கேட்டார். திருநெல்வேலிப் பக்கம் என்றேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "என்ர ஊரும் திருநெல்வேலிதான்!" யாழ்ப்பாணத்தில் ஒரு திருநெல்வேலி இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஒரே ரயிலில் ஏறி, க்ளோஸ்டர்ஸ் வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனோம். அங்கிருந்து அவர் டாவோஸ் பக்கம், நான் 19 கிலோமீட்டர் வெரைனா சுரங்கத்துக்குள். 1999-இல் அது திறக்கும் வரை, குளிர்காலத்தில் ஃப்ளூயலா கணவாய் மூடிவிட்டால் எங்கள் பள்ளத்தாக்குக்கு மலையைச் சுற்றித்தான் வர வேண்டுமாம். அந்த இருட்டு முழுவதும் "என்ர ஊரும்" என்ற சொல் என் காதுக்குள் இருந்தது.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை, கீழே ஷ்குவோல் ஊரில் ஹோம் ஸ்ட்ரோம். பெரிய கம்பத்தில் கம்பு வைக்கோலைத்... இல்லை, நம்மூர்க் கம்பு அல்ல, ரை என்கிற குளிர்நாட்டுத் தானியம், அதன் வைக்கோலைத் திரித்துச் சுற்றி ஓர் ஆளைப் போல நிறுத்துவார்கள். இரவில் தீப்பந்தங்களோடு வந்து கொளுத்துவார்கள், குளிர்காலம் ஒழியட்டும் என்று. தீ ஏறிய கணத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. கார்த்திகைக்குக் கோயில் வாசலில் கொளுத்துகிற சொக்கப்பனை! அதே படபடப்பு, அதே பொறி, அண்ணாந்து பார்க்கும் அதே பிள்ளை முகங்கள். பக்கத்தில் நின்ற அங்கத்து அம்மாவிடம் சொல்லப் பார்த்தேன். ஓலை என்பதற்கு ருமாந்தச்சில் வார்த்தை அகப்படவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 1, சலண்டாமார்ஸ். பள்ளிப் பிள்ளைகள் பசுக்களின் கழுத்து மணிகளை மாட்டிக்கொண்டு, நீர்த்தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, அடித்துப் பாடிக் குளிர்காலத்தைத் துரத்தும் நாள். பனி மறையட்டும், புல் வளரட்டும், பசுக்களை வெளியே விடுங்கள் என்று பாட்டு. வீட்டின் ஒன்பது வயதுத் தம்பிக்குக் கிடைத்த மணி அவன் வயிற்றைவிடப் பெரியது. இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்து, உடம்பை முழுதாக ஆட்டித்தான் அடிக்க முடிந்தது. ஒரு வாரமாகத் தொழுவத்தில் அடித்து அடித்துப் பழகியிருந்தான்.

அவர்கள் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது நான் அடுப்படியில் இருந்தேன். கார்டில் கொஞ்சம் காசு மிச்சம் இருந்தது. ஊரில் மத்தியானம், அம்மா வீட்டில்தான் இருப்பாள். எண்களை அழுத்தி, அவள் குரல் வந்ததும், ஒன்றும் சொல்லாமல் போனை அந்தப் புனல் ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். ஐம்பது மணிகள், பனி மூடிய கல் வீடுகளுக்கு நடுவே. ஒரு நிமிடம் கழித்துக் காதில் வைத்தேன்.

"ஏட்டி, என்ன சத்தம் அது? சப்பரம் வருதா?"

"பிள்ளைங்க பனியை விரட்டுதாவம்மா."

கொஞ்ச நேரம் அம்மா பேசவில்லை. அப்புறம், "திரும்ப வெளிய நீட்டு. நான் இன்னும் கேக்கணும்" என்றாள். நீட்டினேன். தம்பி என்னைப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்று, முகம் சிவக்கச் சிவக்க அடித்தான். கார்டில் காசு தீர்ந்து லைன் போகும் வரை கையை உள்ளே இழுக்கவில்லை.

வணக்கம்.