வண்டியை எண்ணினோம், அறையை எண்ணினோமா?

(கோவையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

சுற்றுலா வளர்ச்சியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வெனிஸ், பாலி என்று ஊர் ஊராகப் போகலாம்தான். ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் ஊட்டிக்குப் போகாதவர் எத்தனை பேர் இருப்பீர்கள்? அதனால் நான் நீலகிரியை விட்டு நகரப் போவதில்லை. நான் கோத்தகிரிப் பக்கத்துக்காரன். சீசன் வந்தால் போலீஸ் குன்னூர் வழியை ஏறுவதற்கும், கோத்தகிரி வழியை இறங்குவதற்கும் ஒருவழிப் பாதையாக மாற்றிவிடும். நீங்கள் இறங்கும் வழியில்தான் எங்கள் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "அந்தக் காலத்தில் ஊட்டி அமைதியாக இருந்தது, இப்போது கெட்டுவிட்டது" என்று பெருமூச்சு விட நான் வரவில்லை. ஊட்டி என்ற நகரமே வந்து தங்கியவர்களுக்காக உண்டானது. 1820-களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் அங்கே வீடு கட்டினார், ஏரியை வெட்டினார். அதற்கு முன் அங்கே இருந்தவை தோடர் பழங்குடியினரின் மந்துகள் என்ற குடியிருப்புகள், எருமைகள், புல்வெளி. அந்த நிலம் தோடர்களுக்கே உரியது என்று வாதாடியவரும் அதே சல்லிவன்தான். சென்னையில் இருந்த மேலதிகாரிகள் கேட்கவில்லை. அப்புறம் 1899-இல் குன்னூர் வரை ரயில், 1908-இல் ஊட்டி வரை. வெயிலுக்குப் பயந்து சென்னை அரசாங்கமே கோடையில் மலையேறிக்கொண்டிருந்தது.

அவர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள். இன்றைக்கு வருகிறவர் சனிக்கிழமை விடியலில் கிளம்புகிறார். பர்லியாறில் பிளாஸ்டிக் சோதனை, குன்னூரில் நெரிசல், பூங்கா, படகு இல்லம், ஒன்பதாவது மைல் புல்வெளியில் ஒரு போட்டோ, வர்க்கி ஒரு பாக்கெட், ஹோம்மேட் சாக்லேட் கால் கிலோ. ஞாயிறு சாயங்காலம் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார். கொண்டுவந்த புளிசாதத்தை வழியில் சாப்பிட்டிருப்பார். அதில் தவறு ஒன்றுமில்லை, கையில் இருக்கிற காசுக்குத் தகுந்த மாதிரிதான் குடும்பங்கள் ஊர் சுற்ற முடியும். ஆனால் சாலையும் தண்ணீரும் குப்பையும் எங்கள் பங்கு. அறை வாடகையில் பெரும்பகுதி எங்கே போகிறது என்று காட்டேஜ் முதலாளிகள் எந்த ஊர்க்காரர்கள் என்று விசாரித்தால் தெரிந்துவிடும்.

இப்போது இ-பாஸுக்கு, அதாவது மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் இணையத்தில் வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டுக்கு, வருகிறேன். சீசனில் ஒரு நாளைக்குச் சுமார் 20 ஆயிரம் வாகனங்கள் மலையேறுகின்றன என்று அரசுத் தரப்பே உயர் நீதிமன்றத்தில் சொன்னது. 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6 ஆயிரம் வண்டி, வார இறுதியில் 8 ஆயிரம். உடனே ஏப்ரலில் வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். கீழே இருந்தவர்கள், "பார்த்தீர்களா, இவர்களுக்குக் காசுதான் பெரிது" என்றார்கள்.

அது நியாயமில்லை. தேயிலை எங்களைக் கைவிட்ட கதை கீழே தெரியாது. ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி பச்சைத் தேயிலையைப் பறிக்கக் கூலி கொடுத்து, உரம் போட்டு, ஃபாக்டரி கொடுக்கும் விலையை வாங்கிக் கணக்குப் போட்டால் கையில் ஒன்றும் நிற்காது. 2023-இல் குறைந்தபட்ச விலை கேட்டு எங்கள் மலையின் படுகர் சமூகத்து விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த வீட்டுப் பையன்தான் இன்று டாக்ஸி ஓட்டுகிறான். அவன் அக்கா காட்டேஜில் அறை சுத்தம் செய்கிறாள். வண்டி குறைந்தால் முதலில் அடி விழுவது அவர்களுக்கு. முதலாளி வாடகையை ஏற்றிச் சமாளித்துக்கொள்வார்.

என் ஆட்சேபம் வேறு. எண்ணுகிறோம், சரி. எதை எண்ணுகிறோம்? செக்போஸ்ட்டில் காரை நிறுத்தி எண்ணுவது சுலபம். மேலே எத்தனை அறைகள், ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் எங்கிருந்து, கழிவு எந்த ஓடையில் என்று எண்ணுவது கஷ்டம், அதில் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். மலை நகரங்களுக்கென்று 1993-லேயே தனிக் கட்டட விதிகள் வந்துவிட்டன. ஆனாலும் சரிவை நேராக வெட்டி மண்ணை எடுக்கும் வேலை நிற்கவில்லை. 2024 பிப்ரவரியில் லவ்டேல் பக்கம் ஒரு கட்டுமான இடத்தில் கட்டடம் இடிந்து விழுந்ததில் கூலிக்கு வந்த பெண்கள் 6 பேர் செத்துப்போனார்கள். அங்கே கட்டியது வீடு, ரிசார்ட் இல்லை. ஆனால் சரிவில் கிடக்கும் நிலத்துக்கும் விலையை ஏற்றிவிட்டது எது?

முதுமலையை ஒட்டிய சீகூர் பக்கம் பாருங்கள். மசினகுடி, பொக்காபுரம் யானை வழித்தடத்தில் ரிசார்ட்டுகள் முளைத்தன. வழக்கு வருடக்கணக்கில் நடந்து, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தடத்தை உறுதி செய்தது. மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடியில் தங்கும் விடுதி ஒன்றின் பக்கம் வந்த யானை மேல் எரியும் டயரை எறிந்தார்கள். அது காதில் ஒட்டிக்கொண்டு எரிய, யானை இருட்டில் ஓடுவதை நாடே வீடியோவில் பார்த்தது. வீடியோ வெளிவந்தபோது அது செத்துப்போயிருந்தது. அந்த வீடியோவைப் பார்த்து உச்சுக்கொட்டியவர்களில் எத்தனை பேர் "காட்டுக்குள்ளே ரூம் இருக்கா?" என்று போனில் கேட்டிருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு.

நல்லது எதுவுமே நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். காட்டில் எறிந்த மது பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழித்தது. 2022-இல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். பாட்டில்கள் கடைக்குத் திரும்பி வந்தன. குடிப்பவருக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை, 10 ரூபாய் போதுமானதாக இருந்தது.

இதில் கோவைக்கும் பங்கு உண்டு. இங்கே பல வீடுகளில் வருவது பில்லூர் அணைத் தண்ணீர். அது பவானி. பவானி பிறப்பது எங்கள் மலையில், சோலைக் காடும் புல்வெளியும் மழையைப் பிடித்து மெல்ல மெல்ல விடுவதால்தான் கோடையிலும் ஓடுகிறது. அந்தப் புல்வெளியில் பெரும்பகுதியை வாட்டில், பைன் என்ற வெளிநாட்டு மரங்களை நட்டு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அழித்துவிட்டோம். இன்று அந்தப் பைன் காட்டுக்கே டிக்கெட் வாங்கிப் போய் போட்டோ எடுக்கிறோம்!

மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராய ஐ.ஐ.டி.யையும் ஐ.ஐ.எம்.மையும் நீதிமன்றம் கேட்டது. அந்தக் கணக்கில் கார்களோடு கட்டில்களும் வர வேண்டும் என்பதே என் கோரிக்கை. புதிய அறைக்கு அனுமதி கேட்பவர் தண்ணீர் எங்கிருந்து என்று காட்டட்டும். மேட்டுப்பாளையத்தில் காரை விட்டுவிட்டு ஏற, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு நல்ல பஸ் ஓடட்டும். மேலே போனதும் உள்ளூர் டாக்ஸிக்காரனுக்கு வேலை கிடைக்கும். இ-பாஸில் இப்போதே எத்தனை நாள், எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். நீங்கள் எழுதும் அந்த முகவரிக்கு உரிமம் இருக்கிறதா என்று அதே கணினி சரிபார்ப்பதற்குத் தனிச் சட்டம் எதுவும் தேவைப்படாது என்று நினைக்கிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.