கரிநெருப்பின் அருகே ஒரு கேள்வி

அன்பானவர்களே, அனைவருக்கும் ஸ்தோத்திரம். இன்று வேதாகமத்தில் யோவான் சுவிசேஷம் 21ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குள் போவதற்கு முன் இந்த அட்டையைப் பாருங்கள். கேமராவுக்குச் சற்று அருகில் பிடிக்கிறேன். நான் பிளஸ் ஒன் படித்தபோது ஒரு வாலிபர் முகாமின் கடைசி இரவில் நிரப்பிய அர்ப்பணிப்பு அட்டையில், நமக்கென்று கிழித்துத் தந்த பாதி இது. ‘முழுநேர ஊழியம்’ என்ற கட்டத்தில் பென்சிலால் டிக் செய்திருக்கிறேன்.

அன்று பிரசங்கியார், “எல்லாரும் கண்களை மூடிக்கொள்ளுங்கள், ஒருவரும் சுற்றிப் பார்க்க வேண்டாம்” என்றார். நான் பார்த்தேன். பக்கத்தில் இருந்த நண்பன் கையை உயர்த்தியிருந்ததை ஓரக்கண்ணால் கண்ட பிறகுதான் என் கையும் மேலே போனது. பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் அந்த டிக் ஆண்டவருக்காகப் போட்டதைவிட, அவனுக்குக் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்டது என்பதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின.

இயேசுவின் சீஷனாகிய பேதுருவிடமும் இதே வியாதி இருந்தது. “உமதுநிமித்தம் எல்லாரும் இடறலடைந்தாலும், நான் ஒருக்காலும் இடறலடையேன்” என்று மத்தேயு 26இல் இயேசுவிடம் அவன் சொல்கிறான். ‘எல்லாரும்’ என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். அன்பைச் சொல்ல வந்தவன், கூட இருந்த பத்துப் பேரையும் கீழே தள்ளிவிட்டுத்தான் அதைச் சொல்கிறான். அன்றிரவே பிரதான ஆசாரியனுடைய அரண்மனை முற்றத்தில், கரிநெருப்பண்டை குளிர்காய்ந்துகொண்டு, இயேசுவை அறியேன் என்று மூன்றுதரம் மறுதலித்தான்.

பிறகு, இயேசு சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்தபின், திபேரியா கடற்கரையில் விடியற்காலத்தில் இன்னொரு கரிநெருப்பு எரிகிறது. மூல மொழியான கிரேக்கத்தில், புதிய ஏற்பாட்டிலேயே இந்தச் சொல் இந்த இரண்டு இடங்களில்தான் வருகிறது. அந்தப் புகையின் வாசனை பேதுருவை என்ன செய்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆனால் இயேசு பழைய கதையைக் கிளறவில்லை. மீனும் அப்பமும் கொடுத்துச் சாப்பிட வைத்த பின்பே, “இவர்களிலும் அதிகமாய் நீ என்மேல் அன்பாயிருக்கிறாயா” என்று கேட்கிறார்.

பேதுரு அந்த ‘இவர்களிலும் அதிகமாய்’ என்பதைத் தொடவே இல்லை. “உம்மை நேசிக்கிறேன் என்பதை நீர் அறிவீர்” என்று மட்டும் சொல்கிறான். ‘அன்பாயிருக்கிறாயா’ என்ற கேள்விக்கு ‘நேசிக்கிறேன்’ என்று பதில் வருவதை நம் பழைய வேதாகமத்தில் காணலாம். கிரேக்கத்திலும் அங்கே இரண்டு வினைச்சொற்கள் உண்டு. அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லும் அறிஞர்கள் இருப்பதால், அதன்மேல் நான் மாளிகை கட்டப் போவதில்லை. ஒப்பீடு அவன் வாயிலிருந்து போய்விட்டது என்பதே எனக்குப் போதும். அவனுடைய சீஷத்துவத்தில் பழுதில்லாத முதல் வாக்கியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் நாலைந்து வசனங்களுக்குள், “என்னைப் பின்பற்றி வா” என்று இயேசு சொன்னதும், பேதுரு திரும்பிப் பார்க்கிறான். பின்னால் இயேசுவுக்கு அன்பான சீஷன் வருகிறான். “ஆண்டவரே, இவன் காரியம் என்ன” என்கிறான் பேதுரு! முகாமில் ஓரக்கண்ணால் பார்த்த நான் இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் சிரித்துவிடுகிறேன். “உனக்கென்ன” என்று ஆண்டவர் வெட்டிச் சொல்வதில் கடிந்துகொள்ளுதல் இருக்கிறது. ஆனாலும் அழைப்பை அவர் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை.

முழுநேர ஊழியத்துக்கு நான் போகவில்லை. ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் சிறுபிள்ளைகள் வகுப்பு என் பொறுப்பில் இருக்கிறது. அலுப்பாக இருந்த இரண்டு வாரங்கள், தலைவலி என்று சொல்லி நான் போகவில்லை. “என் ஆட்டுக்குட்டிகளை மேய்ப்பாயாக” என்று அந்தக் கரையில் இயேசு பேதுருவிடம் சொன்ன வசனத்தை வாசித்துவிட்டு இந்த அட்டையைப் பார்த்தபோது, அந்தப் பெரிய கட்டத்தை நிரப்ப எனக்கு இன்றும் தைரியம் வரவில்லை. இந்த ஞாயிறு காலை எட்டரை மணிக்கு அந்த வகுப்பில் இருப்பேன் என்பதை மட்டும் மனதாரச் சொல்ல முடிகிறது.