ஆற்றங்கரை மாதாவும் அவளைச் சுமக்கும் தோள்களும்

அன்பு நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பிலிப்பைன்ஸை ஸ்பெயின் முந்நூறு வருடத்துக்கு மேல் ஆண்டது, கத்தோலிக்க மதம் அவர்கள் கொண்டுவந்தது, ஆகவே அங்கே நடக்கிற மாதா திருவிழாக்களும் அவர்கள் விட்டுப்போன மிச்சம்தான் என்று ஒரு பேச்சு உண்டு. படித்தவர்களே அப்படிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். லூசோன் தீவின் தென்கிழக்கில், பிகோல் வட்டாரத்தில், நாகா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே உள்ள பெனாஃபிரான்சியா மாதாவின் கதையைக் கேட்டபின் அந்தப் பேச்சு எடுபடாது என்பது என் எண்ணம். இன்று இந்தப் பொருளை எடுத்துக்கொண்டது அதற்காகத்தான்.

பெயர் ஸ்பெயினிலிருந்து வந்தது, அதை மறுக்க முடியாது. சலமாங்கா மாகாணத்தில் பெனா தெ ஃபிரான்சியா என்ற மலை இருக்கிறது. அங்கே 1434-இல் சீமோன் வேலா என்பவர் ஒரு மாதா சுரூபத்தை, அதாவது சிலையை, கண்டெடுத்தார். அந்த மலையடிவாரத்து ஊரைச் சேர்ந்த ஒரு குடும்பம் பிற்காலத்தில் பிலிப்பைன்ஸில் குடியேறியது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை மிகேல் ரோப்லெஸ் தெ கோவருபியாஸ், மணிலாவில் குருமாணவராக இருந்தார். உடம்புக்கு முடியாமல் அடிக்கடி படுத்துவிடுவார். மாதாவின் படம் ஒன்றை எப்போதும் தன்னோடு வைத்திருந்தார். நோய் தீர்ந்தால் பாசிக் ஆற்றங்கரையில் உனக்கு ஒரு கோயில் கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டார். நோய் தீர்ந்தது.

ஆனால் நேர்ச்சை பாசிக் கரையில் நிறைவேறவில்லை. நாகாவுக்கு வந்து குருப்பட்டம் பெற்றார். அன்று அந்த ஊருக்கு நுவேவா காசெரெஸ் என்று பெயர். மணிலா ஆற்றுக்கு நேர்ந்தது 1710-இல் நாகா ஆற்றங்கரையில் ஒரு சிறு கோயிலாக எழுந்தது. யாருக்காக அங்கே? பக்கத்தில் இசரோக் மலை இருக்கிறது. ஸ்பானிய ஆட்சிக்கு அடங்காமல் அந்த மலைச்சரிவுகளில் வாழ்ந்தவர்களைச் சிமரோன்கள் என்று ஆட்சியாளர்கள் அழைத்தார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கோயில் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். நகரத்துக் கனவான்களுக்குப் பேராலயம் ஏற்கெனவே இருந்தது. இது ஊருக்கு வெளியே இருந்தவர்களின் கோயில். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுரூபமும் கப்பலில் வந்து இறங்கியதில்லை. கோவருபியாஸ் தன்னிடமிருந்த படத்தைக் கொடுத்து, உள்ளூர்ச் சிற்பி ஒருவரை மரத்தில் செதுக்கச் சொன்னார். செதுக்கியாகிவிட்டது, பூசுவதற்குச் சாயம் வேண்டும். ஒரு நாயைக் கொன்று அதன் இரத்தத்தை எடுத்துப் பூசினார்கள், உடலை ஆற்றில் வீசிவிட்டார்கள். நாயின் கதியைக் கண்டு இரக்கப்பட்டவர்களிடம் மாதாவை நம்புங்கள் என்று குருவானவர் சொன்னாராம். செத்து மிதந்த நாய் கால்களை அசைத்து, நீந்திக் கரையேறி, தன் வீட்டைப் பார்த்து ஓடியதாம். நாகா மக்கள் சொல்லும் முதல் புதுமை, அதாவது மாதா செய்த முதல் அற்புதம், இது.

நான் இதை நம்பச் சொல்லவில்லை, நம்ப வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த மக்கள் எதை முதல் புதுமையாக நினைவில் வைத்தார்கள் என்று பாருங்கள். காலனி நாடுகளின் மாதா கதைகளில் கடற்போரில் வெற்றி வரும், ஆளுநரின் கப்பல் புயலில் தப்பும். இங்கே உயிர் திரும்பியது ஒரு தெருநாய்க்கு நிகரான ஜீவனுக்கு. அந்தக் கோயிலின் கதவு எவ்வளவு தாழ்வாக, எவ்வளவு அகலமாக வைக்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பிகோல் மக்கள் அவளை அரசி என்று அழைப்பதைவிட 'ஈனா' என்று அழைப்பதுதான் அதிகம். வீட்டில் அம்மாவைக் கூப்பிடும் அதே சொல்தான் அது.

இனி திருவிழாவுக்கு வருவோம். செப்டம்பர் இரண்டாம் வெள்ளிக்கிழமை சுரூபம் தன் திருத்தலத்திலிருந்து நாகா பேராலயத்துக்குப் போகிறது. கூடவே 'திவினோ ரோஸ்த்ரோ' என்கிற இயேசுவின் திருமுகப் படமும் போகிறது. 1882-இல் காலரா ஊரைச் சூறையாடிய காலத்திலிருந்து அந்தப் படத்தின் மேல் மக்களுக்குத் தனி பக்தி. பேராலயத்தில் நவநாள் என்கிற ஒன்பது நாள் செபம் நடக்கும். வெள்ளி கழிந்து எட்டாம் நாள் சனிக்கிழமை மாலை, ஆற்று வழியாக அவள் வீடு திரும்புகிறாள்.

இதில் உயிர் முழுவதும் சுமப்பவர்களிடம் இருக்கிறது. 'வோயதோர்' என்று அவர்களைச் சொல்கிறார்கள். கட்டட வேலைக்காரர், சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர், மீனவர், விவசாயி, கல்லூரி மாணவர், எல்லோரும் அதில் உண்டு. காலில் செருப்பு கிடையாது. தலையில் துணி கட்டியிருப்பார்கள். மாதா இருக்கும் பீடம் தெருவில் நேராகப் போவதே இல்லை. ஒரு பக்கத்துத் தோள்கள் தள்ளினால் மறுபக்கம் சாயும், அங்கிருப்பவர்கள் முட்டுக்கொடுத்து நிமிர்த்துவார்கள். ஒருவர் தோளில் மிதித்து இன்னொருவர் ஏறி, சுரூபத்தின் போர்வையில் கைக்குட்டையை ஒற்றி எடுத்துக் கீழே நிற்பவரிடம் கொடுப்பார். நகம் பெயர்ந்த கால்விரல், கிழிந்த சட்டை, யார் வியர்வை யாருடையது என்றே தெரியாத நெரிசல். நடுவிலிருந்து 'வீவா லா வீர்ஹென்', கன்னித்தாய் வாழ்க, என்று ஒரு குரல் எழும், தெரு முழுக்க 'வீவா' என்று திருப்பிச் சொல்லும். ஒழுங்கான பவனியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது முரட்டுத்தனமாகத் தெரியலாம். என் கண்ணுக்கு இது உரிமை. எங்கள் அம்மாவை நாங்கள் தூக்குகிறோம், நடுவில் யாரும் வேண்டாம் என்கிற உரிமை.

சனிக்கிழமை மாதாவை ஏற்றிக்கொண்டு ஆற்றில் மிதக்கும் படகுக்குப் 'பகோடா' என்று பெயர், அதற்குச் சொந்த விசை கிடையாது. முன்னால் படகு படகாகக் கட்டி, கயிற்றில் பிணைத்து, துடுப்புப் போட்டு இழுக்கிறார்கள். நம் ஊர்த் தேரை வடம் பிடித்து இழுப்பதை அப்படியே தண்ணீரில் இறக்கிவிட்டதுபோல இருக்கும். இரு கரையிலும் மெழுகுவத்தி ஏந்தி மக்கள் நிற்பார்கள்.

அந்த ஆற்றில் பெரிய துயரமும் நடந்திருக்கிறது. 1972 செப்டம்பர் 16. பகோடா வரும் காட்சியைப் பார்க்கக் கொல்காந்தே பாலத்தின் மேல் மக்கள் நெருக்கியடித்து நின்றார்கள். பாரம் தாங்காமல் பாலம் இடிந்து விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சில நாளில் அதிபர் மார்கோஸ் நாடெங்கும் இராணுவச் சட்டம் கொண்டுவந்தார், வெளியுலகம் நாகாவை மறந்துவிட்டது. நாகா எப்படி மறக்கும்? மாதாவைப் பார்க்கப் போன இடத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் அங்கே இருக்கின்றன. அந்த வீடுகளுக்கு என்ன பதில் சொல்வது? எனக்கு இதற்கு விளக்கம் இல்லை, எளிதாக விளக்குகிறவர்களை நான் நம்புவதும் இல்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு செப்டம்பரிலும் அதே ஆற்றங்கரையில் மக்கள் வந்து நிற்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். புதுமை நடக்கும் என்ற கணக்கில் வருகிற கூட்டமாக இருந்திருந்தால் 1972-லேயே கலைந்திருக்கும்.

இன்னொன்று. 1981 ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள். அன்று சுரூபம் திருடு போய்விட்டது. 1924 செப்டம்பர் 20-இல் திருத்தந்தையின் பிரதிநிதி பியானி கையால் முடிசூட்டப்பட்ட சுரூபம் அது. அந்த வருடத் திருவிழாவை மூலச் சுரூபம் இல்லாமலே கொண்டாட வேண்டிவந்தது. ஓராண்டுக்கு மேல் தேடல், செபம், வதந்தி. கடைசியில் அது மீட்கப்பட்டு, 1982 செப்டம்பர் 8 அன்று, மாதா பிறந்தநாளில், கொட்டும் மழையில் நாகா வந்து சேர்ந்தது. அந்த மழையிலும் மக்கள் சாலையோரம் காத்து நின்றார்கள். ஒரு கலைப்பொருள் திரும்பி வந்தால் அருங்காட்சியக அதிகாரி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். காணாமல் போன தாய் வந்தால்தான் ஊரே நனைந்துகொண்டு நிற்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைப்பது நியாயமில்லை. பகோடாவில் பெண்கள் ஏறக்கூடாது என்பது அங்கே நெடுங்காலப் பழக்கம். ஏறினால் கெடுதி வரும் என்கிற நம்பிக்கையும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பெண்ணைத்தான் சுமக்கிறார்கள், ஒரு தாயைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறார்கள், ஆனால் தாய்மார்கள் கரையில் நிற்க வேண்டும். இது எனக்கு ஒப்பவில்லை. மலைச்சரிவில் ஒதுங்கிக் கிடந்தவர்களுக்காகக் கட்டிய கோயில் இது. அந்தக் கோயிலின் படகில் பாதிப் பேருக்கு இடமில்லை என்றால், அது கோயில் தொடங்கிய நோக்கத்துக்கே எதிரானது. பழக்கத்தை மாற்றுவது அவர்கள் ஊர்க்காரர்கள் கையில். வெளியே நின்று சொல்கிறவன் உரிமையோடு சொல்ல முடியாது, அக்கறையோடு சொல்லலாம்.

2020-இல் பெருந்தொற்றினால் பவனிகள் நின்றன. 2024-இல் முடிசூட்டின் நூற்றாண்டு. அதைக் கொண்டாடி ஒரு மாதம்தான் ஆகியிருக்கும், அக்டோபர் புயல்மழையில் நாகாவின் தெருக்களே ஆறாக ஓடின. பிகோல்காரர்களுக்குப் புயல் புதிதில்லை, பசிபிக் கடல் அனுப்பும் எல்லாமே முதலில் அவர்கள் வாசலில்தான் இறங்கும்.

உங்களில் யாராவது செப்டம்பரில் அந்தப் பக்கம் போக வாய்த்தால் ஒரு விண்ணப்பம். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் சனிக்கிழமை ஆற்றுப் பவனிக்குத்தான் வருகிறார்கள், படம் எடுக்க அதுதான் அழகு. நீங்கள் முந்திய வாரத்து வெள்ளிக்கிழமையே போய்விடுங்கள். திருத்தலத்துக்கு அருகில், தெரு குறுகுகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். கைப்பை, கண்ணாடி, நல்ல செருப்பு எல்லாவற்றையும் விடுதியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கூட்டம் உங்கள் பக்கம் சாய்கிறபோது விலகி ஓடாமல், பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் ஒன்றும் கேட்கமாட்டார்.

நன்றி, வணக்கம்.