நாய்க்குட்டியும் பதினெட்டாயிரம் டாலரும்

வணக்கம் நேயர்களே. பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்வதாக நாம் கேலி செய்வோம் அல்லவா? அதையே தொலைக்காட்சியில் அரை மணி நேரம் செய்து, தமது அரசியல் வாழ்வைக் காப்பாற்றிக்கொண்டவர் ரிச்சர்ட் நிக்சன்.

1952-இல் ஐசன்ஹோவர் அமெரிக்க அதிபர் பதவிக்கும், நிக்சன் துணை அதிபர் பதவிக்கும் குடியரசுக் கட்சி சார்பில் போட்டியிட்டனர். கலிபோர்னியாவின் வசதி படைத்தவர்கள் சிலர், செனட்டராக இருந்த நிக்சனின் அரசியல் செலவுகளுக்காக 18,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்திருந்தது அந்தச் செப்டம்பரில் வெளியே வந்தது. கொடுத்தவர்களுக்கு அவர் கடன்பட்டவர் ஆகிவிட மாட்டாரா என்பதே எழுந்த கேள்வி.

செப்டம்பர் 23 அன்று அவர் மக்களிடம் பேசினார். தணிக்கை அறிக்கையைக் காட்டி, ஒரு காசுகூடச் சொந்தச் செலவுக்குப் போகவில்லை என்றார்; நியாயமாகச் சொன்னால், உரையின் வலுவான பகுதி இதுதான். ஆனால் பணம் எதற்குச் செலவானது என்பதைத்தான் தணிக்கை சொல்லும். எதை எதிர்பார்த்துக் கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்லாது.

பிறகு வீட்டுக் கடன் வந்தது, மனைவியின் சாதாரணத் துணிக் கோட்டு வந்தது, கடைசியில் டெக்சாஸிலிருந்து ஒருவர் அன்பளிப்பாக அனுப்பிய செக்கர்ஸ் என்ற நாய்க்குட்டியும் வந்தது. குழந்தைகள் அதை நேசிக்கிறார்கள், யார் என்ன சொன்னாலும் திருப்பித் தர மாட்டோம் என்றார். திருப்பித் தரச் சொன்னது யார்? எவரும் வைக்காத குற்றச்சாட்டைத் தாமே உருவாக்கி, அதைத் தாமே முறியடித்து, கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டதைப் போன்ற தோற்றத்தை ஏற்படுத்தும் இந்த உத்தியை நான் அவரது பொருளாதாரக் கணக்கைவிடக் கவனமாகப் பார்க்கிறேன்.

எதிரணியான ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சனிடமும் ஒரு நிதி இருந்தது. நிக்சன் அதையும் இழுத்தார். ஸ்டீவன்சன் கணக்கை வெளியிடாவிட்டால், மறைக்க ஏதோ இருப்பதாக ஒப்புக்கொண்டது போலாகும் என்றார். ஸ்டீவன்சன் பதில் சொல்ல வேண்டியவர் என்பது உண்மையே. ஆனால் அதனால் நிக்சனுக்கு வந்த கேள்வி தீர்ந்துவிடாது. விடை தர வேண்டியவர்கள் இருவராகிறார்கள், அவ்வளவுதான்.

ஆதரவுத் தந்திகள் குவிந்தன. ஐசன்ஹோவர் அவரை விலக்கவில்லை. பின்னாளில் நிக்சனே அதிபராக இருந்தபோது, எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஒட்டுக்கேட்க ஆட்கள் நுழைந்ததும் அது மூடிமறைக்கப்பட்டதுமான வாட்டர்கேட் விவகாரம் வெடித்தது. அதிலும், முந்தைய அதிபர்களும் ஒட்டுக்கேட்டவர்கள்தானே என்று அவரது ஆதரவாளர்கள் வாதாடினார்கள். முந்தையவர்களும் ரகசியமாக ஒலிப்பதிவு செய்தது உண்மை. ஆயினும் 1974-இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் வெளிவந்த வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களில், மூடிமறைப்பு பற்றிப் பேசக் கேட்டது நிக்சனின் குரல்.